மதுரை மண்ணின் பெண் கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையின் கலைகளைப் பற்றிப் பேச்சு வரும்போது கல்லூரி மாணவிகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பெண்ணுக்கு மேடை கிடைக்காத காலம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மேடையில் சுதந்திரம் கிடைத்த இடத்தில் மரியாதை கிடைக்கவில்லை. மரியாதை கிடைத்த இடத்தில் சுதந்திரம் சுருங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்து வாங்கியவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலோர் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கினார்கள்.

மதுரையில் பெண் கலைஞர்களின் கதை எங்கே தொடங்குகிறது?

கையில் பாடல் இருப்பதால் சங்க காலத்தில் தொடங்கலாம். வெள்ளிவீதியார் என்ற புலவரை மதுரை வெள்ளியம்பலத்தை ஒட்டிய வீதிக்காரர் என்று சொல்வார்கள். அவர் பாடியவை 13 பாடல்கள். குறுந்தொகையின் 27ஆம் பாடல் பலருக்கும் தெரிந்தது. கன்றும் குடிக்காமல், கலத்திலும் விழாமல், நல்ல பசுவின் பால் தரையில் சிந்தி வீணாவதுபோல, என் அழகு எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல், பிரிவால் மேனியில் படரும் பசலைக்கு இரையாகிறது என்று அதில் ஒரு பெண் சொல்கிறாள். ‘எனக்கும் ஆகாது’ என்பதுதான் முதலில் வருகிறது. அவன் கணக்கு அதற்குப் பிறகுதான். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த வரிசையையும் ஒருமுறை கவனிக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆதிமந்தியார் குறுந்தொகையில், தொலைந்துபோன காதலனை விழாக்களிலும் துணங்கைக் கூத்திலும் தேடிவிட்டு, ‘யானும் ஓர் ஆடுகள மகளே’ என்கிறார். நானும் ஆடுகிறவள்தான் என்று தன் தொழிலைத் தானே சொல்லிக்கொள்ளும் குரல் அது. வெள்ளிவீதியார் அகநானூற்றின் 45ஆம் பாடலில், ஆதிமந்தியைப் போல நானும் அலைந்து திரிய வேண்டியதுதானா என்று கேட்கிறார். பிறகு ஔவையார் அதே நூலின் 147ஆம் பாடலில், வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுவிட்டேன் என்கிறார். ஒரு பெண்ணின் பெயரை இன்னொரு பெண் எடுத்துச் சொல்ல, அவள் பெயரை மற்றொருத்தி எடுத்துச் சொல்கிறாள். அங்கீகாரம் என்று இன்று நாம் மேடை போட்டுப் பேசுவதை அவர்கள் மூன்று பாட்டில் முடித்துவிட்டார்கள்.

ஆண்டாளையும் இந்த வரிசையில் சேர்ப்பீர்களா? அவர் தெய்வமல்லவா?

திருவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்றால் சேர்ப்பேன். மனிதருக்கு என்னை மணம் பேசினால் உயிர்வாழமாட்டேன் என்று எழுதியவர், பதிகத்தின் முடிவில் இதைச் சொன்னவள் கோதை என்று தன் பெயரையும் பொறித்துவிட்டுப் போகிறார். அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவரும் அவர்தான். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டுதான் இறங்குகிறார். மரியாதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் மார்கழியில் திருப்பாவை முப்பதும் ஒலிக்கும் வீடுகளில், உடலின் ஏக்கத்தை ஒளிக்காமல் பேசும் நாச்சியார் திருமொழிப் பாசுரங்கள் எத்தனை ஒலிக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கோயிலில் ஆடிய, பாடிய பெண்கள் என்ன ஆனார்கள்?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தேவதாசி மரபில் பிறந்த பெண்களுக்கு எழுத்து, இசை, ஆட்டம், சொத்து என மற்ற வீட்டுப் பெண்களுக்கு இல்லாதவை இருந்தன. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை மட்டும் அவர்களில் பலருக்கு இல்லை. பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற, பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்த மரபிலிருந்து வந்தவர். எனவே, வெளியாள் வந்து கலையை அழித்தார் என்ற புலம்பலில் உண்மை குறைவு. இன்னொரு பக்கமும் உண்டு. சதிர் என்று இழிவாகப் பார்க்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடை ஏறியது. ஏறிய பிறகு, அதைக் காலங்காலமாகக் காப்பாற்றி வைத்திருந்த வீட்டுப் பெண்களுக்கு அந்த மேடையில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது.

எம்.எஸ். சுப்புலட்சுமி ஏன் மதுரையை விட்டுப் போனார்?

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அனுமந்தராயன் தெருவில், 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளில் ‘எம்’ என்பது மதுரை, ‘எஸ்’ என்பது சண்முகவடிவு. தகப்பன் பெயரை முன்னால் போடும் நாட்டில் ஊர் பெயரும் தாய் பெயரும் அவரோடு ஐக்கிய நாடுகள் சபை மேடை வரைக்கும் போயின. அந்தக் கச்சேரி நடந்தது 1966-இல்.

அவர் 1936-இல் சென்னைக்குப் போனது குடும்பம் போட்ட திட்டத்தின்படி அல்ல. தேவதாசி மரபில் பிறந்த பெண்ணுக்கு வசதியான ஒருவரின் ஆதரவைத் தேடித் தருவதே தாய்மார்களின் கடமையாகக் கருதப்பட்டது. மகள் அதை ஏற்காமல் புறப்பட்டுவிட்டார். இருபது வயதுகூட நிரம்பாத பெண் அன்று எடுத்த முடிவு அது. அவருடைய வாழ்வின் மிகத் துணிச்சலான காரியம் எது என்று கேட்டால், எந்தக் கச்சேரியையும் சொல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

பிறகு 1940-இல், பத்திரிகைத் துறையில் இருந்த சதாசிவத்தை மணந்தார். எந்தப் படத்தில் நடிப்பது, எந்த மேடையில் பாடுவது, எந்தப் பாட்டுக்குப் பின் எது, வரும் பணம் எந்த அறக்காரியத்துக்கு என்பவற்றில் கணவரின் கை ஓங்கியிருந்தது. 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்ததுகூட ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான். 1945-இல் வந்த ‘மீரா’வுக்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டார். சென்னை மியூசிக் அகாதெமி 1968-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதைக் கொடுத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1998-இல் பாரத ரத்னா.

அப்படியென்றால் அவர் சுதந்திரத்தை இழந்தார் என்கிறீர்களா?

அவரிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டுத் தம்பூராவைச் சுருதி சேர்த்திருப்பார் என்பது என் ஊகம். அனுதாபப்படுவதும் ஒருவகை அலட்சியம்தான். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேடையிலிருந்து நேராகப் போராட்டத்துக்குப் போனவர்கள் உண்டா?

கே.பி. ஜானகி அம்மாள். 1917-இல் மதுரையில் பிறந்தவர். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாட்டுக்காகவே கூட்டம் கூடும் நடிகையானார். ஆர்மோனியக் கலைஞர் குருசாமியை மணந்தார். நாடக மேடையில் தேசியப் பாட்டுப் பாடியவர், இரண்டாம் உலகப் போரின்போது போரை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனார். பிறகு கம்யூனிஸ்ட் கட்சியில் இயங்கி, 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். நாடகக்காரி என்று ஊர் முகம் சுளித்த காலத்தில் ஊரே அவரை ‘அம்மா’ என்று கூப்பிட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிறபடி பாடிப் பழகிய தொண்டை பொதுக்கூட்டத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும்! கட்சி வரலாறுகளில் அவருடைய தியாகத்துக்கு இடம் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன? அதில் பெண்களின் நிலை எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தினார். அங்கே பெண் வேடமும் பையன்களுக்குத்தான். பிறகு பெண்களே மேடை ஏறினார்கள். கம்பெனிகள் கலைந்தபின், நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைக்கும் ஸ்பெஷல் நாடகம் வேரூன்றியது. இன்றும் அதற்குத் தலைநகரம் மதுரைதான். நடிகர் சங்கம் இங்கே இருக்கிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நாடகம் நடக்கிறது.

இதில் ஒத்திகை கிடையாது. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். நோட்டீஸில் இருவர் படமும் அச்சாகியிருக்கும்; அன்றிரவுதான் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்து சிரிக்கவைப்பார், டான்ஸ்காரப் பெண்ணும் அவரும் ஆடுவார்கள், நள்ளிரவுக்குப் பிறகு கதை சூடுபிடித்து விடியும்வரை ஓடும். பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’தான். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடி முடித்ததும் நாரதர் வருவார். பிறகு வேடன் வேடத்தில் முருகன். அங்கே தொடங்கும் தர்க்கம் சிலநேரம் ஒருமணி நேரத்துக்கும் மேல் போகும். முருகன் ஒரு விருத்தத்தை எடுத்துவிட்டால் அதே ராகத்தில் வள்ளி பதில் பாடவேண்டும். சூடான ராஜபார்ட் என்றால் எழுதிய பாட்டைத் தாண்டிப்போய்ச் சிக்கவைக்கப் பார்ப்பார். ஸ்திரீபார்ட் ஆர்மோனியக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், சுருதி கிடைக்கும், அவர் கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லையே பிடித்துக்கொண்டு திருப்பி அடிப்பார். முன்வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் பெரியவர் எழுந்து உட்காருவது அப்போதுதான். நாட்டுக்கே கேட்கிற சபா மேடையில்கூடப் பெண்ணுக்கு இவ்வளவு கற்பனைச் சுதந்திரம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மரியாதை? அதைப் பற்றிக் கேட்கிறீர்களா? அதே பெண் நாடகத்துக்குப் போகும்போது நாடகத்துக்குப் போகிறவள் என்று தெரியாதபடி போகவேண்டும். ஒப்பனையெல்லாம் போன இடத்தில்தான். 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீசர் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். வெளியே போகும் வழியிலும் ஒரு வீட்டுக்குள் இருப்பதுபோன்ற பாதுகாப்பைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள் அந்தப் பெண்கள். துணைக்கு ஆள், தெரிந்த வண்டி, குனிந்த தலை. அந்நிய ஆணோடு, ஊர் பார்க்க, இரவில் பேசுவது என்பதே அவர்களுடைய தொழில். பெண்ணுக்கு ஊர் விதித்திருக்கும் மூன்று தடைகளும் அதில் ஒரேயடியாக உடைகின்றன. பிறகு ஏன் வீடு வாடகைக்குக் கிடைப்பதில்லை என்று கேட்கவேண்டியதில்லை.

பெண்கள் ஆண் வேடம் போட்டதுண்டா?

நிறைய. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஆண் நடிகர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். சினிமாவிலிருந்து சட்டமன்ற மேலவைக்குப் போனவர்களிலும் அவரே முன்னோடி.

நாகசுரத்தில் பெண்கள் ஏன் குறைவு?

மூச்சு போதாது என்று காரணம் சொல்வார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அந்தக் காரணத்தை வாசித்தே பொய்யாக்கினார். பழனிக்குப் பக்கத்து ஆயக்குடியில் பிறந்து மதுரையில் நிலைத்தவர், 2012-இல் காலமானார். உண்மையான தடை வேறு. சுவாமி புறப்பாட்டுக்கு நடுராத்திரியில் முன்னால் நின்று வாசிக்கும் பெண்ணை எந்த வீடு அனுப்பும், எந்தக் கோயில் அழைக்கும் என்பதுதான் அது.

கரகாட்டம் ஆபாசமாகிவிட்டது என்கிறார்களே?

தலையில் கரகம், அது விழாமல் ஆட்டம், குனிந்து கண்ணிமையால் ஊசி எடுப்பது. வித்தை என்றால் இதுதான் வித்தை. இரட்டை அர்த்தப் பேச்சு யாருக்காகச் சேர்ந்தது என்று ரூபாய் நோட்டைக் குத்திவிட்ட கைகளிடம் கேட்கவேண்டும். வழக்கமாகக் கேட்கப்படுவது ஆடிய பெண்ணிடம் மட்டும்தான். கரகாட்டத்தோடு சேர்த்து ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டம் குறவர் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. ஒரு சமூகத்தின் பெயரைக் கேலிப்பொருளாக்குவதை நிறுத்தியது சரிதான். ஆடிப் பிழைத்த பெண்களுக்கு மாற்றுவழி என்ன என்பதையும் அதே மூச்சில் பேசியிருக்கலாம்.

சினிமா நாட்டுப்புறப் பாடகிகளுக்கு உதவியதா?

முகத்தைக் கொடுத்தது. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் ‘ஆண் பாவம்’ படத்தில் தோன்றினார். அதற்குமுன்பே வானொலி அவர் குரலைக் கொண்டுபோயிருந்தது. மதுரையை ஒட்டிய பரவையைச் சேர்ந்த முனியம்மா 2003-இல் ‘தூள்’ படத்தால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவரானார், 2020-இல் மறைந்தார். இருவர் பெயரிலும் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாடல்கள் வயற்காட்டிலும் கும்மியிலும் பிறந்தவை என்பதால் அவற்றுக்கு உரிமைத்தொகை என்று எவரும் எழுதித் தரவில்லை. புகழ் வீடு தேடி வந்தது. வருமானம் வழியிலேயே நின்றுவிட்டது.

சுங்குடிச் சேலை கலையா, கைத்தொழிலா?

முடிச்சுப் போடும் ஒரு பாட்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லுங்கள். துணியை விரல்நுனியில் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார். அளவுகோல் கிடையாது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கி, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு கட்டும் வெள்ளைப் புள்ளியாக மலரும்; நடுவில் சாயம் தொட்ட சிறு கண். நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறிய சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இது. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. முடிச்சுப் போட்டவளின் பெயர் எந்தச் சேலையிலும் இல்லை. கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சடித்தது. திருப்பிப் பாருங்கள், புள்ளி தடவினால் விரலில் படாவிட்டால் அது முடிச்சு இல்லை.

எழுத்தாளர்களும் கலைஞர்கள்தானே?

ஆமாம். இருவரை மட்டும் சொல்கிறேன். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னிமடத்திலிருந்து வெளியேறியபின் எழுதிய ‘கருக்கு’ 1992-இல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. சேரிப் பேச்சிலேயே ஒரு முழு நூலா என்று மூக்கைச் சுருக்கியவர்கள் பிறகு அதைப் பாடமாக நடத்தினார்கள். மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் துவரங்குறிச்சியில், வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், கணவர் வீட்டில் யாரும் பார்க்காமல் எழுதி, சல்மா என்ற புனைபெயரில் அனுப்பினார். ஊராரிடம் தன்னை மறைக்க வைத்துக்கொண்ட பெயரே பிறகு அவருடைய முகவரியாகிவிட்டது. எழுதியதை ஒளித்துவைத்த அதே ஊரில் 2001-இல் பஞ்சாயத்துத் தலைவராகவும் ஆனார்.

திருநங்கைக் கலைஞர்களை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

சேர்த்தாயிற்று. நர்த்தகி நடராஜ் மதுரையில் பிறந்தவர். சினிமா நடனத்தைப் பார்த்தே ஆடக் கற்று, தோழி சக்தியோடு வீட்டைவிட்டு வெளியேறி, பரதத்துக்கு இன்றைய வடிவம் தந்த தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். அவரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை; காத்திருக்கவைத்தபின்தான் கற்றுக்கொடுத்தார். ‘நர்த்தகி’ என்ற பெயர் குரு கொடுத்தது. 2011-இல் சங்கீத நாடக அகாதெமி விருது. 2019-இல் பத்மஸ்ரீ, திருநங்கையருள் அதை முதலில் பெற்றவர் அவரே. தன்னை நாயகியாகப் பாவித்து ஆடும், தஞ்சை மரபின் நாயகி பாவம்தான் அவருடைய களம். பெண்ணாக இரு என்று எவரும் சொல்லாத ஒருவர், பெண்ணாக இருப்பதையே கலையாகப் பயின்றார். மரியாதை, சுதந்திரம் இரண்டையும் சேர்த்து வாங்கியவர்கள் சிலர் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதை எழுதும்போது இவர் பெயர்தான் மனத்தில் இருந்தது.

என் மகள் பறை அடிக்கப் போகிறேன் என்கிறாள். விடலாமா?

விடுங்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பல ஆண்டுகளாகப் பெண்களுக்குப் பறை கற்றுத்தந்து மேடையேற்றுகிறது. வாய்ப்பாட்டோ வீணையோ பரதமோ என்றால் மதுரையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு. நாட்டுப்புறக் கலையைத் தொழிலாக எடுத்தால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். இது 2007-இல் தொடங்கியது. அட்டை இல்லாமல் உதவி எதுவும் நகராது. மேடைக்கு அழைப்பவரிடம் சம்பளத்தையும் திரும்பி வர வண்டியையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

ஸ்பெஷல் நாடகத்தை எப்போது, எங்கே பார்க்கலாம்?

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் கிராமக் கோயில் திருவிழாக்களில் நடக்கும். டிக்கெட் கிடையாது. சுவரொட்டியிலும் நோட்டீஸிலும் ஸ்திரீபார்ட் பெயரைப் பார்த்துப் போங்கள். நல்ல ஸ்திரீபார்ட் இருந்தால் தர்க்கம் நன்றாக இருக்கும். பாய் ஒன்றும் போர்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், பதினோரு மணிக்கே எழுந்து வந்துவிடாதீர்கள். டான்ஸ் ஆடும் பெண்ணைச் செல்போனில் எடுத்துப் போடாதீர்கள். அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் அந்தப் படம் பார்க்கப்படும். தர்க்கம் முடிந்ததும் அன்பளிப்புக் கொடுக்க நினைத்தால், மேடையேறிக் கையில் திணிக்காமல் ஆர்மோனியக்காரரிடம் கொடுத்து, யாருக்கு என்று பெயரைச் சொல்லுங்கள்.